ஒன்ராறியோவுக்கு மட்டும் ஏன் இரண்டு அணி?

வாசகர் கேள்வி, 12 ஜனவரி 2025

பனிக்குள் அடைபட்டுக் கிடந்ததில் கேர்லிங் பார்க்கத் தொடங்கிவிட்டேன். சிரிக்காதீர்கள். ஒரு விஷயம் விளங்கவில்லை. கனடாவில் ஆண்களுக்கான தேசியப் போட்டியான பிரையருக்கு மாகாணத்துக்கு ஒரு அணி போகும் என்கிறார்கள். ஆனால் பட்டியலில் ஒன்ராறியோ என்று ஒன்று, வட ஒன்ராறியோ என்று இன்னொன்று. அப்படி ஒரு மாகாணம் எங்கே இருக்கிறது? எட்டு இலட்சம் பேர் இருக்கிற பகுதிக்குத் தனி இடம். ரொறன்ரோ, ஒட்டாவா, ஹமில்ரன் எல்லாம் சேர்ந்த தெற்குக்கும் அதே ஒரு இடம். பழைய ஆட்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்ட ஏற்பாடு என்றுதான் எனக்குப் படுகிறது.

12 ஜனவரி, இரவு

நீங்கள் சொல்வது சரி. அநியாயம்தான். நானும் பல வருடமாக இதையே சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

விளையாட்டே தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பனித்தளத்தில் ஒரு பக்கம் நின்று கருங்கல்லைத் தள்ளிவிடுவது, மறுபக்கம் இருக்கிற வட்டத்தின் நடுவில் அதை நிறுத்துவது. அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். ஒரு கல் 44 கிலோ. இரண்டு பேர் கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். எங்கள் அம்மா முதன்முதலில் பார்த்துவிட்டு, "இவங்களுக்குக் கூலி எவ்வளவு?" என்று கேட்டார்.

ஒவ்வொரு மாகாணத்திலும் குளிர்காலத்தில் ஆண்கள் சாம்பியன் போட்டி நடக்கும். ஒன்ராறியோவில் அதற்குப் பெயர் ராங்கார்ட். பியர் குடிக்கிற பெரிய குவளைக்குத்தான் அந்தப் பெயர். அதில் வெல்கிறவர்கள் நெஞ்சில் ஊதா நிற இதயச் சின்னம் குத்திக்கொண்டு பிரையருக்குப் போவார்கள். பிரையர் தொடங்கியது 1927இல், ரொறன்ரோவில். பெயரைப் பார்த்து ஏதோ பெரிய மனிதரின் நினைவாக வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு புகையிலையின் பெயர். மக்டொனால்ட் புகையிலைக் கம்பனி நடத்திய போட்டி.

அந்த முதல் போட்டியிலேயே வட ஒன்ராறியோவுக்குத் தனி அணி. கொடுத்தது கொடுத்ததுதான், இன்றுவரை எடுக்கவில்லை. அவர்கள் நான்கு முறை வென்றும் இருக்கிறார்கள். ஆனால் ஒரே மாகாணத்துக்கு இரண்டு கதவு திறந்துவைத்தால் யாராவது ஒருவர் எப்போதாவது வெல்லத்தானே செய்வார்?

13 ஜனவரி

44 கிலோ இல்லை, 44 இறாத்தல். அதாவது 20 கிலோவுக்கு ஒரு துளி குறைவு. மன்னிக்கவும். ஸ்காபரோக் கடையில் வாங்குகிற பெரிய அரிசி பாக்கைவிடக் கொஞ்சம் பாரம், அவ்வளவுதான். 44 கிலோவாக இருந்திருந்தால் என் முதுகு என்றைக்கோ போயிருக்கும்.

நான்கு முறை இல்லை, ஐந்து முறை. 1950ஐ விட்டுவிட்டேன். கேர்க்லண்ட் லேக்கிலிருந்து ரொம் ராம்சே அணி. அதற்குப் பிறகு 1975 பில் ரெற்லி, 1982இலும் 1985இலும் அல் ஹக்னர், 2013 பிராட் ஜேக்கப்ஸ்.

13 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

இந்த 1950ஐத் தேடப் போய்ப் பழைய பட்டியல் முழுவதையும் பார்க்க வேண்டியதாகிவிட்டது. பார்த்த பிறகு நேற்று எழுதியதில் எனக்கே நம்பிக்கை குறைகிறது.

தெற்கு ஒன்ராறியோ 1935இலும் 1939இலும் வென்றது. அதற்கு அடுத்த வெற்றி 1983இல், எட் வெரனிச் அணிக்கு. மனிதர் ரொறன்ரோவில் தீயணைப்பு வீரர். இடையில் நாற்பத்துநான்கு வருடம் தெற்குக்கு ஒன்றும் இல்லை. அதே காலத்தில் வடக்கு மூன்று முறை வென்றது: 1950, 1975, 1982. சனம் முழுக்கத் தெற்கில்; கிண்ணம் வடக்கில். மொத்தக் கணக்கு தெற்குக்கு ஒன்பது, வடக்குக்கு ஐந்து. சனத்தொகையில் ஒன்றுக்கு இருபது என்று கிடக்கிற இடத்தில் கிண்ணம் ஐந்துக்கு ஒன்பது.

சனத்தொகைதான் அளவுகோல் என்றால் இளவரசர் எட்வேர்ட் தீவை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். நுனாவுட்டை வாசலிலேயே மறிக்க வேண்டும். அங்கே இருப்பவர்கள் நாற்பதாயிரம் பேர்தான். எங்கள் பக்கத்துத் தொடர்மாடிகளை எண்ணினாலே அவ்வளவு வந்துவிடும்.

14 ஜனவரி

சரி, எனக்கு இந்த விளையாட்டு எப்படிப் பிடித்தது என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

நான் ட்ரக் ஓட்டுகிறவன். ரொறன்ரோவிலிருந்து வினிப்பெக் வரை போய்வருவது. மனிற்றோபா எல்லை வருவதற்கு முன்னாலேயே ஏறக்குறைய 1,900 கிலோமீற்றர் ஓடவேண்டும், அத்தனையும் ஒன்ராறியோவுக்குள்ளே. தண்டர் பே போய்ச் சேரவே 1,400 பக்கம் வந்துவிடும். புதிதாக வருகிற பொடியன்கள் முதல்நாள் இரவு கேட்பார்கள், "அண்ணை, இன்னும் ஒன்ராறியோவா?" மறுநாள் மத்தியானமும் அதையே கேட்பார்கள்.

சில வருடத்துக்கு முந்திய பெப்ரவரி ஒன்றில் சுப்பீரியர் ஏரிக்கு மேலே ஹைவே 17ஐ மூடிவிட்டார்கள். அது அடிக்கடி நடக்கிறதுதான். ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் பாறையும் காடும், சுற்றிப் போக வேறு தெரு கிடையாது. மூடினால் மூடியதுதான். நான் ஒதுங்கின ஊரில் ஒரு பெற்றோல் நிலையம், ஒரு மோட்டல், ஒரு பள்ளிக்கூடம். மோட்டல் நிரம்பிவிட்டது. பெற்றோல் நிலையத்தில் நின்ற பெண்பிள்ளை, "சூடாக ஏதாவது சாப்பிட வேண்டுமென்றால் கேர்லிங் கிளப்புக்குப் போங்கள், இன்றைக்குப் போட்டி இருக்கிறது" என்றாள்.

போனேன். தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். உள்ளே ஒரு ஹோல், பெரிய கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பனி. குசினியில் சில்லி கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சட்டி வாங்கிக்கொண்டு, கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று பனிக்கதவைத் திறந்தேன். ஒரு வயதான மனிதர் ஓடிவந்து என் பூட்ஸைக் காட்டிக் கத்தினார். தெரு உப்பும் மண்ணும் ஒட்டின சப்பாத்து. ஒரு மணல் கல்லுக்கு அடியில் போனால் போதுமாம், ஆட்டமே கெட்டுவிடுமாம். எனக்கு முகம் சிவந்துபோய்விட்டது. திரும்பிக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்தேன்.

அந்த மனிதர்தான் பனி போடுகிறவர். பிறகு அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டே சில்லி ஆறவிட்டேன். முதுகில் ஒரு ரேங்க். ஊரில் மிளகாய்த் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற மெசின் இருக்கிறதே, அச்சு அசல் அதேதான். கையில் குழாய், நுனியில் பூவாளித் தலைபோலப் பொடிப்பொடி ஓட்டை. பின்பக்கமாக நடந்துகொண்டே கையை இடமும் வலமுமாக ஒரே சீராக வீசுகிறார். சுடுதண்ணீர்த் துளிகள் பனியில் விழுந்து, விழுந்த இடத்திலேயே உறைந்து, சின்னச் சின்னப் பரு மாதிரி நிற்கின்றன. கல் போவது அந்தப் பருக்களின் மேலேதான். வழவழப்பான பனியில் விட்டால் பாதி வழியிலேயே நின்றுவிடுமாம். நாற்பத்தைந்து மீற்றர் நீளம் ஒருமுறைகூட நிற்காமல் நடந்தார். திரும்பி வரும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கோபம் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று நடந்தது வடக்குச் சாம்பியன் போட்டிக்குப் போக ஆள் தெரிவு செய்கிற சுற்று. விளையாடியவர்களில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர், ஒருவர் சுரங்கத்தில் வேலை. ஒரு அணி காலையில் நான்கு மணிநேரம் ஓட்டி வந்து சேர்ந்திருந்தது. தெரு மூடினதால் இன்னொரு அணி வரவேயில்லை. ஆட்டத்தின் நடுவில் தேய்த்துக்கொண்டு போன ஒருவர் சட்டென்று நிமிர்ந்து கையைத் தூக்கினார். அவருடைய பிரஷ் கல்லில் பட்டுவிட்டதாம். நான் கண்ணாடிக்கு நேரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியவில்லை. எதிரணிக்கும் தெரியவில்லை. அம்பயர் என்று அங்கே யாரும் இல்லை. அவரே சொல்லி, அவரே கல்லை ஓரம் தள்ளிவிட்டார். அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். முடிந்ததும் வென்றவர்கள் தோற்றவர்களுக்குப் பியர் வாங்கிக் கொடுத்தார்கள். அதுதான் இந்த விளையாட்டின் வழக்கம்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தெரு திறந்தது. நான் மத்தியானம்தான் கிளம்பினேன்.

15 ஜனவரி

ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார், அன்று லோட் தாமதமாகப் போனதற்குக் கம்பனி ஒன்றும் சொல்லவில்லையா என்று. சொன்னார்கள். தெரு மூடியிருந்தது என்றேன். எத்தனை மணிவரை என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்லில் பிரஷ் பட்டால் கை தூக்குகிற ஆள் நான் இல்லை.

18 ஜனவரி

ஹக்னர் 1985இல் விளையாடினதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுதாமல் விட்டால் பாவம்.

மொங்ரனில் இறுதி ஆட்டம். எதிரே அல்பேர்ட்டாவின் பற் றையன். பத்தாவது எண்ட், அதுதான் கடைசி. (எண்ட் என்றால் ஒரு சுற்று, இரண்டு அணியும் பதினாறு கல்லையும் விட்டு முடிப்பது.) ஹக்னர் 5–3 என்று பின்னுக்கு நிற்கிறார். ஹாமர், அதாவது கடைசிக் கல், அவர் கையில். வட்டத்தில் அல்பேர்ட்டாவின் இரண்டு கல், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. இரண்டையும் ஒரே அடியில் எடுத்து, தன் கல்லும் உள்ளே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

கரம் போர்டு விளையாடினவர்களுக்கு இது உடனே விளங்கும். முதல் காயில் நூல் பிடித்தமாதிரி விளிம்பில் மட்டும் தொட்டு, ஸ்ரைக்கர் குறுக்கே போய் இரண்டாவதை அடிக்க வேண்டும். கொஞ்சம் தடிப்பாகப் பட்டால் ஸ்ரைக்கர் அங்கேயே நின்றுவிடும். மெல்லிசாகப் போனால் எதிலும் படாது. ஹக்னரின் கல் பட்டது. இரண்டும் வெளியே, இவருடையது உள்ளே, முன்பே நின்ற இன்னொன்றோடு சேர்த்து இரண்டு புள்ளி, 5–5. மேலதிக எண்டில் கடைசிக் கல் றையன் கையில் இருந்தும் ஹக்னரே ஒரு புள்ளியைத் திருடி 6–5 என்று முடித்தார். தண்டர் பேயில் ஒரு ட்ரக் நிறுத்தத்தில் தேநீர் ஊற்றிக் கொடுத்தவர் அந்த அடியை மேசையில் சீனிப் பக்கற்றுகளை அடுக்கி எனக்குச் செய்துகாட்டினார். 1985இல் அவருக்கு வயது ஒன்பதாம். விடியற்காலை ஐந்து மணி, நான் பில் கேட்டு நிற்கிறேன், மனிதர் விடவேயில்லை.

ஹக்னரின் அணியில் மூன்றாவது ஆளாக விளையாடிய றிக் லாங் 1975இல் ரெற்லியின் அணியிலும் இருந்தவர். ஆக வடக்கின் ஐந்து கிண்ணத்தில் மூன்றில் அவர் கை இருக்கிறது.

19 ஜனவரி

கரத்தோடு ஒப்பிட்டதற்கு மூன்று பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். நியாயம்தான். கரத்தில் காய் குழிக்குள் போனால் கதை முடிந்தது. இங்கே கல் நிற்க வேண்டும், அதுவும் மற்றவன் அடித்துத் தள்ளாதபடி நிற்க வேண்டும். போதாததற்கு, விட்ட பிறகும் ஆட்டம் முடிவதில்லை. கல் போய்ச்சேர இருபது செக்கனுக்கு மேல் எடுக்கும். அந்த நேரம் முழுக்க ஸ்கிப், அதாவது அணித் தலைவர், மறுமுனையிலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறார், இரண்டு பேர் தேய்க்கிறார்கள். தேய்த்தால் கல் சில மீற்றர் கூடுதலாகப் போகும், வளைவும் குறையும். கரம் போர்டில் காயைச் சுண்டிவிட்டு ஊதிக்கொண்டே பின்னால் ஓடலாம் என்றால் சரி, அப்போது ஒப்பிடலாம்.

அப்புறம், பனியைத் தேய்க்கிற பிரஷைத் "தும்புத்தடி" என்று எழுதினவருக்கு: இப்போது தும்பு இல்லை, துணிதான். 2015–16 பருவத்தில் அந்தத் துணியை வைத்தே பெரிய சண்டை வந்தது. புதுவகைத் துணியால் தேய்த்தால் கல்லை விரும்பின பக்கம் திருப்பலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியில் எல்லாரும் ஒரேவகைத் துணியைத்தான் பாவிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தும்புத்தடிக்கும் உலகச் சங்கம் சட்டம் போட்டிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை.

25 ஜனவரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு கிழமை யோசித்தேன். 13ஆம் தேதி நான் வடக்குக்காக வாதாடினேன் அல்லவா? அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

வடக்குக்குத் தனி இடம் 1927இலிருந்து ஆண்களுக்கு மட்டும்தான். பெண்களுக்கான தேசியப் போட்டியில் வட ஒன்ராறியோ என்ற பெயர் 2015இல்தான் வந்தது. அதுவரை வடக்குப் பெண்கள் தெற்கு அணிகளோடு மோதி, ஒன்ராறியோ என்ற ஒரே கதவு வழியாகத்தான் போகவேண்டும்.

போனார்களா? போனார்கள். தண்டர் பேயிலிருந்து ஹீதர் ஹூஸ்ரன் 1988இல் ஒன்ராறியோவின் பெயரில் கனடாவையே வென்றார். அடுத்த வருடம் நடப்புச் சாம்பியனாகப் போய் மறுபடியும் வென்று, உலகக் கிண்ணத்தையும் எடுத்தார். அதே ஊரின் கிறிஸ்ரா மக்கார்வில் தனி இடம் வருவதற்கு முன்பே பல முறை ஒன்ராறியோவின் சாம்பியன்.

அப்படியென்றால் தனி இடம் இல்லாமலும் வடக்கால் முடியும் என்றுதானே அர்த்தம்? கேள்வி கேட்டவரின் பக்கம் மறுபடியும் சாய்ந்தேன். ஆனால் இன்று காலை பல் தீட்டும்போது வேறொன்று தோன்றியது. 88 வருடம் அந்தப் பெண்களுக்குக் கொடுக்காததை வைத்து, ஆண்களுக்குக் கொடுத்தது தப்பு என்று சொல்லலாமா? ஹூஸ்ரன் தாண்டிப் போனார், சரி. 1,400 கிலோமீற்றர் ஓடிப்போய்ப் போட்டியில் கலந்துகொள்ளவே லீவும் காசும் இல்லாமல் வீட்டில் இருந்தவர்களைப் பட்டியலில் எப்படித் தேடுவது?

முதல் பிரையரில் ரொறன்ரோ நகரத்துக்கும் மொன்றியல் நகரத்துக்கும்கூடத் தனி அணி இருந்தது. சில வருடத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். தெற்குக்கு நடந்த அநியாயம் என்று யாராவது வாதாட விரும்பினால் அங்கிருந்து தொடங்கலாம். நான் வரமாட்டேன்.

25 ஜனவரி, இரவு

மேலே 88 வருடம் என்று எழுதியது முழுக்கச் சரியில்லை. 1927இல் பெண்களுக்குத் தேசியப் போட்டியே இல்லை. கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், சாரம் மாறாது.

26 ஜனவரி

கல் ஏன் வளைகிறது என்று ஒருவர் கேட்டார். வளைவதால்தான் பெயரே வந்தது என்பார்கள். விடும்போது கைப்பிடியை மெதுவாகத் திருப்பிவிட்டால், வலஞ்சுழியாகச் சுற்றுகிற கல் வலதுபக்கம் வளையும். ஏன் என்று பௌதிகக்காரர்கள் இன்னும் அடிபடுகிறார்கள். ஒரு சின்னப் பரிசோதனை செய்து பார்த்தேன். சில்வர் ரம்ளரைக் கவிழ்த்து, கண்ணாடி மேசையில் வலஞ்சுழியாகச் சுற்றித் தள்ளினால் அது இடதுபக்கம் வளையும். கல்லுக்கு நேர் எதிர். பத்துப் பதினைந்து முறை தள்ளிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் இடது. பதினாறாவது முறை மேசையைத் தாண்டிப் போனது. மனைவி வந்தார். பரிசோதனை முடிவுக்கு வந்தது.

கல்லும் சாதாரணக் கல் இல்லை. ஸ்கொட்லாந்துக் கரைக்கு அப்பால் எய்ல்சா கிறெய்க் என்று ஆளில்லாத ஒரு தீவு. பெரிய போட்டிகளின் கற்கள் அங்கிருந்து எடுத்த கருங்கல்லில் செய்தவை. தண்ணீர் உள்ளே இறங்காது, அதனால் உறைந்து வெடிக்காது. நான் சில்லி சாப்பிட்ட ஊரின் கற்கள் அங்கிருந்த பலருடைய வயதைவிட மூத்தவை என்று அந்தப் பனிக்காரர் சொன்னார்.

2 பெப்ரவரி

இப்போது உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். வடக்கா தெற்கா என்று நாங்கள் அடிபட்டுக்கொண்டிருக்கிறோம். ஆட்கள் எல்லையைத் தாண்டிப் போய்க் கனகாலம் ஆகிவிட்டது.

மைக் மக்இவனை எடுங்கள். வினிப்பெக் ஆள். மனிற்றோபாவின் பெயரில் பிரையர் போனார். 2023இல் ஒன்ராறியோ ராங்கார்ட்டை வென்று ஒன்ராறியோவின் ஸ்கிப்பாகப் போனார். அடுத்த வருடம் சஸ்காச்சுவானின் பெயரில் போய் இறுதி ஆட்டம் வரை வந்து பிராட் குஷுவிடம் தோற்றார். மூன்று மாகாணம், ஒரே மனிதர். அணிக்கு ஒருவரை வெளியிலிருந்து எடுக்கலாம் என்று விதி இருந்தது. அந்த ஒருவர் ஸ்கிப்பாகவே இருந்தால்?

முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. சாம்பியன் போட்டி என்றால் அந்த ஊர் மண்ணில், சரி, அந்த ஊர் பனியில் வளர்ந்தவன் வெல்ல வேண்டும் என்று நினைத்தேன். வடக்கின் 2013 அணியைப் பாருங்கள் என்று சொல்ல வந்தேன். சூ செயின்ற் மரியின் ஜேக்கப்ஸ், அவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர்களான ஹாண்டன் சகோதரர்கள் இரண்டு பேர். எட்மன்ரனில் மனிற்றோபாவின் ஜெஃப் ஸ்ரோட்டனை 11–4 என்று அடித்தார்கள். அடுத்த வருடம் சோச்சியில் ஒலிம்பிக் தங்கம். குடும்பமும் ஊரும் சேர்ந்த வெற்றி என்று எழுதத் தொடங்கினேன்.

நான்காவது ஆள் நினைவுக்கு வந்தார். றையன் ஃபிறை. வினிப்பெக்கில் வளர்ந்தவர். முன்பு ஸ்ரோட்டனோடு மனிற்றோபாவுக்கு விளையாடினவர், பிறகு குஷுவோடு நியூஃபவுண்ட்லண்டுக்கு, அதன் பிறகுதான் சூ செயின்ற் மரிக்கு வந்தார். 2023இல் மக்இவனோடு ஒன்ராறியோவுக்காகவும் விளையாடினார். நான்கு சட்டை. 2013இல் அவர் இல்லாமல் வடக்கு வென்றிருக்குமா? சந்தேகம்தான்.

எழுதியதை அழித்தேன். எங்கேயோ பிறந்து, நாற்பது வயதில் ஸ்காபரோவில் வந்து குடியேறி, "எங்கட ரொறன்ரோ" என்று கத்துகிற நான் யார், இன்னொருத்தன் எந்த ஊர்க்காரன் என்று கேட்க?

3 பெப்ரவரி

ஆனாலும் ஃபிறை அந்த ஊருக்கு வந்து குடியிருந்துதான் விளையாடினார். மக்இவன் விஷயம் அப்படி இல்லை. இரண்டும் ஒன்று என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. நேற்று உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன்.

16 பெப்ரவரி

இரண்டு கிழமை எழுதவில்லை. கை சுகமில்லை. ஒருகையால் தட்டச்சு.

புதிதாகப் பழகுபவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். எந்தக் கிளப் என்று சொல்லமாட்டேன், குற்றம் என்னுடையது. ஒரு காலில் வழுக்குகிற அடி, மற்றதில் இறப்பர் அடி. வழுக்குகிற காலைத்தான் முன்னுக்கு வைத்துச் சறுக்க வேண்டும். நடக்கும்போது அதை மறந்துவிடக் கூடாது. மறந்தேன். மணிக்கட்டில் மயிர்க்கோடு அளவு வெடிப்பு. வகுப்பில் இருந்த எழுபத்திரண்டு வயது அம்மா ஒருவர் என்னைத் தூக்கிவிட்டார். அவர் அதற்குப் பிறகு ஆறு கல் விட்டார், எல்லாம் வட்டத்துக்குள்.

நான் விழுவதற்கு முன் விட்ட ஒரே கல் பாதித் தூரம் தாண்டவில்லை. ஹொக் கோடு என்று ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டாத கல் ஆட்டத்தில் சேராது, எடுத்துவிடுவார்கள். ரிவியில் பார்க்கும்போது இதெல்லாம் சும்மா தள்ளுவது மாதிரித் தெரியும்.

10 மார்ச்

நேற்று கிலோனாவில் பிரையர் முடிந்தது. பிராட் ஜேக்கப்ஸ் வென்றார், மனிற்றோபாவின் மற் டன்ஸ்ரனை 5–3. முதுகில் எழுதியிருந்தது அல்பேர்ட்டா.

ஆம், சூ செயின்ற் மரியின் அதே ஜேக்கப்ஸ். கூட விளையாடியவர்கள் மார்க் கெனடி, பிரெற் கலன்ற், பென் ஹெபேர்ட். இப்போது பதினெட்டு அணி. முன்கூட்டியே தகுதி பெற்றவர்களையும் சேர்ப்பதால் ஒரே மாகாணத்தின் பெயரில் ஒன்றுக்கு மேலான அணிகள் வருகின்றன, ஸ்கிப்பின் பெயரைப் பின்னால் ஒட்டிவிடுகிறார்கள். ஒன்ராறியோவுக்கு மட்டும் ஏன் இரண்டு என்று ஜனவரியில் கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கே இப்போது வயது போய்விட்டது.

நான் ஆட்டத்தைப் பார்த்தது சூ செயின்ற் மரியில், ட்ரக் நிறுத்தத்துச் சாப்பாட்டுக் கடையில். கை ஆறிவிட்டது, போன கிழமைதான் வேலைக்குத் திரும்பினேன். கடையில் ஏழெட்டுப் பேர். ஜேக்கப்ஸ் கடைசிக் கல்லை எடுக்கும்போது குசினியிலிருந்த ஆளும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். வென்றதும் எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். அல்பேர்ட்டா சட்டையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் இருந்த கிழவர் மட்டும் என்னைப் பார்த்து, அந்தப் பொடியனின் ஒன்றுவிட்ட சகோதரர்களோடு தன் மகன் ஹொக்கி விளையாடினவன் என்றார்.

11 மார்ச்

"கடைசியாக என்ன சொல்கிறீர்கள், வடக்குக்குத் தனி இடம் வேண்டுமா வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். ஜேக்கப்ஸ் மாதிரி ஆட்களுக்கு அது தேவையில்லை, அவர்கள் எந்தச் சட்டையிலும் போவார்கள். காலை நான்கு மணிநேரம் ஓட்டி வந்த அந்த ஆசிரியருக்கு வேண்டும்.

இப்போது வினிப்பெக் லோடோடு நிற்கிறேன். வாவா என்ற ஊருக்கு மேலே தெரு மூடியிருக்கிறது என்று செய்தி. இந்தமுறை சுத்தமான சப்பாத்து ஒரு சோடி ட்ரக்கில் இருக்கிறது.